எட்டு மாதமாக முதுகுவலியை மறைத்து வருகிறேன், சொல்லிவிடலாமா?

குனியாதவன் எழுதியது:

வணக்கம். வயது 36, நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மாதமாகக் கீழ்முதுகில் வலி. சில நாள் இடது பிட்டம் வரை இழுக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது. டாக்டரிடம் போனேன், ஸ்கேன் எடுத்தேன், நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் கேள்வி வைத்தியம் பற்றியது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதுகுவலி என்று எழுதினாலே பத்துப் பேர் ஆளுக்கொரு தைலத்தோடு வந்துவிடுவார்கள்.

கேள்வி இதுதான்: இதை யாரிடமாவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமா?

ஆபீசில் யாருக்கும் தெரியாது. வீட்டில் மனைவிக்கு "கொஞ்சம் முதுகு பிடிச்சிருக்கு" என்ற அளவுக்குத் தெரியும், அதுவும் ஆறு மாதத்துக்கு முன்னால் சொன்னது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

மறைப்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. மீட்டிங் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போகும்வரை போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் நாற்காலியிலிருந்து எழும்போது மேஜையைப் பிடித்து இரண்டு தவணையாகத்தான் நிமிர முடிகிறது, அதை யாரும் பார்க்கக் கூடாது. பேனா கீழே விழுந்தால் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேறு பேனா எடுத்துக்கொள்கிறேன். இப்போது அங்கே நாலு பேனா கிடக்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன வாரம் மூன்றரை வயது மகள் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல "அப்பா கை ஈரமா இருக்கும்மா" என்றேன். நாலைந்து மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் பொய் இது. அவள் கிட்டே வந்து என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி அவள் அம்மாவிடம் போய்விட்டாள். கை காய்ந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஆனால் தயக்கம் போகவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் முதுகுவலி என்று லீவு எடுத்தால் "ஐயாவுக்கு முதுகு வந்துடுச்சு" என்று சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். எனக்குக் கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன், காலையில் பல் தேய்க்க வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறவன் மாலையில் படியேறிப் போகிறேன். சில நேரம் என்னையே நான் நம்புவதில்லை, மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? இன்னொன்று, பேசப் பேசத்தான் வலி பெரிதாகும், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். அது உண்மையா?

சொல்லி நல்லது நடந்தவர்கள், சொல்லிக் கெட்டவர்கள், இரண்டு தரப்பும் எழுதுங்கள்.


மூன்றாம் மாடி எழுதியது:

சொல்லிக் கெட்டவர்களையும் கூப்பிட்டதால் முதல் ஆளாக வந்துவிட்டேன்.

நான் ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். ஒளிவுமறைவு இல்லாமல் இருப்போம் என்ற நல்ல எண்ணம்தான். மறுநாளிலிருந்து காலையில் பார்க்கிற ஒவ்வொருவரும் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றார்கள். பாசத்தில் கேட்பதுதான், குறை சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பதில் சொல்ல நான் முதுகை ஒரு தரம் உள்ளுக்குள் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. வலி இல்லாத நாளில்கூட எங்கேயாவது ஒரு ஓரத்தில் இருக்கிறதா என்று தேடுவேன், தேடினால் கிடைக்கும். உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

அப்புறம் எனக்கு வர வேண்டிய ஒரு வெளியூர் வேலை இன்னொருவருக்குப் போனது. என்னிடம் கேட்கக்கூட இல்லை. "உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்" என்றார்கள். ஒரு வருடத்தில் முதுகு சரியாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இப்போதும் ஏதாவது பெட்டியை எடுக்கப் போனால் யாராவது ஓடி வந்து பிடுங்கிக்கொள்கிறார்கள்.

வீட்டில் சொல்லுங்கள். ஆபீசில் வேண்டாம்.


பழைய நாற்காலி எழுதியது:

தம்பி, நான் பதினோரு வருடம் மறைத்தவள். மறைத்தால் பெயர் கெடாது என்று நினைக்காதீர்கள், வேறு பெயர் வரும்.

எங்கள் அலுவலகத்தில் கூட்டம் முடிந்தால் எல்லோரும் சேர்ந்து நாற்காலிகளை அடுக்கி வைப்போம். நான் மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். யாராவது காகிதக்கட்டைக் கீழே வைத்தால் குனிந்து எடுக்க மாட்டேன், அவர்களே எடுத்துக் கொடுக்கட்டும் என்று நிற்பேன். எனக்குத் திமிர் என்று ஒரு பெயர் அங்கே பல வருடமாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. ஒரு தோழி வேலையை விட்டுப் போகிற அன்று, இனிமேல் என்ன என்ற தைரியத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நோயாளி என்று பெயர் எடுக்கக் கூடாது என்று பயந்து இதை வாங்கி வைத்திருக்கிறேனே என்று.

ஒரு வாரம் கழித்து மேலாளரிடம் போனேன். என்ன சொல்வது என்று வீட்டிலேயே நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். நோயின் பெயர், ஸ்கேன் ரிப்போர்ட், எந்த நரம்பு எங்கே இழுக்கிறது, இதெல்லாம் எதுவும் சொல்லவில்லை. "எனக்கு முதுகுவலி உண்டு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது, நடுவில் எழுந்து இரண்டு நிமிடம் நின்றுகொள்வேன். பாரம் தூக்க மாட்டேன். மற்ற எந்த வேலையும் குறையாது, எதையும் என்னிடமிருந்து எடுக்க வேண்டாம்." அவ்வளவுதான். அவர் "இவ்வளவுதானா?" என்றார். பிறகு தன் நாற்காலிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துண்டை எடுத்துக் காட்டினார், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டது. அந்தத் துண்டை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று யோசித்ததே இல்லை.

மூன்றாம் மாடி, உங்கள் அனுபவத்தைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வலியைச் சொல்லியிருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. அந்த மிச்சத்தை அவர்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். வெளியூர் வேலைக்கு நான் தயார் என்று அதே மூச்சில் சொல்லியிருந்தால்?


மூன்றாம் மாடி எழுதியது:

நியாயம்தான். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சொன்னால்கூட எல்லா மேலாளரும் துண்டை எடுத்துக் காட்ட மாட்டார்கள் அம்மா, சில இடத்தில் ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் ஏறும். ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை.


நேர்கோடு எழுதியது:

நான் இருபது வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். தைலம் எதுவும் கொண்டுவரவில்லை. பேசப் பேச வலி பெரிதாகும் என்று உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

கீழ்முதுகு வலியில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு இந்த எலும்பு, இந்தத் தசை என்று விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரு காரணம் கிடைக்காது. பயம், தூக்கமின்மை, வேலையில் உளைச்சல், "இனிமே அவ்வளவுதான்" என்ற நினைப்பு எல்லாமே வலியை ஏற்றிவிடும். "டிஸ்க் விலகிடுச்சு", "எலும்பு தேஞ்சு போச்சு" என்று நாள் முழுக்கப் பேசுகிறவர் குனியவே பயப்படுவார். குனியாத முதுகு இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். (நீங்கள் வைத்துக்கொண்ட பெயரைக் கவனித்தேன்.) அந்த வகைப் பேச்சு வலியை வளர்க்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் செய்வது என்ன? மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, யார் பார்க்கிறார்கள் என்று கண்ணை ஓட்டி, அப்புறம் எழுகிறீர்கள். மறைப்பவருடைய கவனம் ஒரு நாளில் எத்தனை தரம் முதுகுக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கண்டுகொள்ளாமல் விடுவது என்று உங்கள் நண்பர் சொல்வதும் நீங்கள் செய்வதும் ஒன்றே இல்லை.

ஸ்கேன் பற்றி ஒன்று. முதுகுவலியே இல்லாதவர்களுடைய ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 3,110 பேர். அதில் 30 வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கும் 40 வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. யாருக்கும் வலி இல்லை. உங்கள் 36 வயதில் அந்த ரிப்போர்ட் வந்தது அதிசயம் இல்லை. இதைச் சொல்வது உங்கள் வலி பொய் என்பதற்காக இல்லை, வலி உண்மை, ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியைக் கண்டு மிரள வேண்டாம் என்பதற்காக. "என்னையே நான் நம்புவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பே சேர்த்தார்கள். காலையில் வாஷ்பேசினைப் பிடித்து நிற்பவர் மாலையில் படியேறுவது கீழ்முதுகு வலியில் தினமும் பார்ப்பது.

வெளிப்படையாகப் பேசுவதால் ஊரே மாறியதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1997-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முதுகுவலி பற்றித் தொலைக்காட்சியில் விளம்பரம் விளம்பரமாகப் போட்டார்கள். சொன்னது எளிய விஷயம்: படுத்துக் கிடக்காதே, நடமாடு, வேலைக்குப் போ. பொதுமக்கள் முதுகுவலியைப் பற்றி வைத்திருந்த எண்ணம் மாறியது, டாக்டர்கள் பார்க்கும் விதமும் மாறியது, வேலையிடத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அந்த விளம்பரம் இல்லை, அங்கே அந்த மாற்றமும் இல்லை. படுக்கை ஓய்வு உதவாது என்பது அதற்கு முன்பே தெரியும், 1995-இல் பின்லாந்தில் பார்த்த ஆய்வில் இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, முடிந்தவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். தெரிந்து என்ன பயன், அதை ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். டாக்டரிடமும் எங்களிடமும்கூட ஆட்கள் முழுதாகச் சொல்வதில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து கதவுப் பிடியில் கையை வைத்தபிறகு திரும்பி, "ஒண்ணு கேக்கணும், ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். திரும்ப வந்து உட்காரச் சொல்வேன். வெட்கத்தில் விழுங்கக் கூடாத விஷயங்கள் இவை: சிறுநீர் வராமல் நின்றுபோவது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு தொடைக்கும் நடுவில், உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது. முதுகுவலியோடு இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது, தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கினால் மணிக்கணக்கில் காரியம் கெட்டுவிடும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இதையும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். தாம்பத்தியத்தில் முதுகு தொந்தரவு செய்வதைப் பற்றியும் கேட்கலாம், எங்களுக்கு அது புதிதில்லை. கேட்காமலே கணவன் மனைவிக்குள் விலகிப் போனவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.


சமையலறை ஜன்னல் எழுதியது:

நான் வலிக்காரி இல்லை, வலிக்காரரின் மனைவி. குனியாதவன், உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். ஏதோ இருக்கிறது என்று தெரியும், முதுகு என்றுதான் தெரியாது.

என் கணவர் ஒன்றரை வருடம் மறைத்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ராத்திரி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் (அந்தப் பக்கம் படுத்தால் வலி குறைவாம்), எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை, எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தை, காரில் ஏறினால் கதவை அறைந்து சாத்துகிறார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். அப்புறம் அதைவிட மோசமாகவும் நினைத்தேன், இங்கே எழுத மாட்டேன். கடைசியில் வலி என்று தெரிந்தபோது பரிதாபம் வரவில்லை எனக்கு, முதலில் வந்தது ஆத்திரம். இதற்காகவா நான் ஒன்றரை வருடம் அழுதேன் என்று.

சொல்லும்போது ஒன்று கவனியுங்கள். நான் தெரிந்த பிறகு எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்ய ஆரம்பித்தேன், தண்ணீர்க் குடத்திலிருந்து செருப்பு வரை. அவர் இன்னும் சுருங்கிப் போனார். பிறகுதான் பேசி வைத்துக்கொண்டோம், அவர் கேட்டால் மட்டும் செய்வேன், கேட்க வேண்டியது அவர் பொறுப்பு.


விடிகாலை நாலு எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. வலி காலையில்தான் மோசமா? படுத்திருந்தால் ஏறி, நடந்தால் குறைகிறதா? விடிகாலையில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா?

எனக்கு 24 வயதில் தொடங்கியது. காலையில் ஒரு மணி நேரம் முதுகு பலகை மாதிரி இருக்கும், நடமாடினால் இளகிவிடும். இளவயது, ஜிம்முக்குப் போகிற பையன், வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று விட்டேன். டாக்டரிடம் போனாலும் பகலில்தான் போவேன், அப்போது நன்றாகத்தான் இருப்பேன், காலைக் கதையைச் சொல்ல மாட்டேன். ஆறு வருடம் கழித்து ஒரு பயணத்தில் ஒரே அறையில் தங்கிய ஒருவர் நான் கட்டிலிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான், நீ ரத்தப் பரிசோதனை எடுத்தியா?" என்றார். அவர் தன்னுடையதைச் சொன்னதால்தான் எனக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று தெரிந்தது. முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி நோய், பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும், கண்டுபிடிக்க வருடக்கணக்காவது சர்வசாதாரணம். மருந்து இருக்கிறது. ஆறு வருடம் முன்னால் தொடங்கியிருக்கலாம் என்பதுதான் உறுத்தல், என் கழுத்து இப்போது முழுதாகத் திரும்பாது.

உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. காலையில் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னீர்களா என்றுதான் கேட்கிறேன்.


குனியாதவன் எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில், நாலு நாள் தாமதம், மன்னிக்கவும்.

விடிகாலை நாலு, எனக்குக் காலையில் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், உட்கார உட்காரத்தான் ஏறுகிறது, விடிகாலையில் எழுப்புவதும் இல்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது போல டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த முறை எழுதிக்கொண்டு போகிறேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். சமையலறை ஜன்னல் எழுதியதைப் படித்தபிறகு அதற்குமேல் ஒத்திப்போட முடியவில்லை. சொன்னதும் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அப்போ அந்தக் கல்யாணத்துக்கு வர மாட்டேன்னு சண்டை போட்டது இதுக்குத்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கும் முன்னால் நடந்த வேறு இரண்டு சண்டைகளையும் கேட்டாள். அதில் ஒன்று நிஜச் சண்டை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மகளிடம் "அப்பாவுக்கு முதுகுல வலி, நின்னுக்கிட்டுத் தூக்க முடியல, கை ஈரம்னு சொன்னது பொய்" என்றேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள், காட்டினேன், சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்றாள். ஆபீசில் எல்லோரும் சொல்லப் போவதும் அதைத்தான் என்று சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அவளே சோபாமேல் ஏறி நிற்கிறாள், நான் பக்கத்தில் போய் நின்றால் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறாள். நேர்கோடு, தொங்கலாமா?

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய நாற்காலி அம்மா சொன்ன மாதிரி மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன், மூன்றாம் மாடிக்காக "எந்த வேலையையும் என்னிடமிருந்து எடுக்க வேண்டாம்" என்பதை முதல் வரியாக மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாம்.


நேர்கோடு எழுதியது:

தொங்கலாம். காலை இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் உடம்போடு ஒட்டியிருந்தால் பாரம் குறைவாகத் தெரியும். ஒரு மாதத்தில் சோபாவிலிருந்து நீங்களே தூக்கிப் பாருங்கள், அப்புறம் தரையிலிருந்து.


மூன்றாம் மாடி எழுதியது:

முதல் வரியில் என்னைப் போட்டதற்கு நன்றி. அந்த நாலு பேனா என்ன ஆயிற்று?


குனியாதவன் எழுதியது:

அங்கேயேதான் இருக்கிறது. நேற்றோடு ஐந்து.